கூடைக்கு ஒரு கை

“டீச்சர், கொஞ்சம் எறங்கி வந்து கூடைக்கு ஒரு கை புடிங்க.”

புஷ்பலதா கேட்டாகிவிட்டது. இனி அதை வாய்க்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள முடியாது.

மீன் கொடுக்கிற வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கலாம். பழைய புடவை கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். கிறிஸ்மஸுக்குக் கேக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். கூடையைத் தூக்கிவிட மட்டும் வாய் திறக்கக் கூடாது. பதினெட்டு வருஷமாக அங்காளம்மாள் மீறாத சட்டம் அது. “வாங்கித் துன்ற கையி அது. அதுல நம்ம கவுச்சிய ஒட்ட வைக்கக் கூடாது” என்பாள். மகள் புஷ்பலதாவுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தது கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் என்றால், இதைச் சொல்லிக்கொடுத்தது அங்காளம்மாள். அதிலும் ரத்தினபாய் டீச்சர் வீட்டில் எதுவுமே கேட்கக் கூடாது. தாம்பரத்துக் காலேஜில் புஷ்பலதாவுக்கு சீட்டு வாங்க லெட்டர் எழுதியது டீச்சரின் கை. இப்போது பி.எஸ்சி. முடித்துவிட்டவளுக்குத் தன் பள்ளிக்கூட ஆபீஸில் ஒரு வேலை பார்ப்பதாகச் சொல்லியிருப்பதும் அதே டீச்சர்தான்.

ஞாயிற்றுக்கிழமை. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஆவணி வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. டீச்சர் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்து, சாம்பல் நிறப் பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல், தட்டில் வஞ்சிரத் துண்டுகளோடு படியில் நின்றிருந்தார்.

“ஐயையோ, அது இன்னாவோ ஒளறுது டீச்சர். நீங்க உள்ள போங்க. வெயிலு மண்டையப் பொளக்குது” என்று அங்காளம்மாள் பதறினாள். பிறகு மகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். “வாய மூடுடி.”

“யாரம்மா தூக்குவாங்க? ரோட்டுல ஒரு ஆள் இல்ல பாரு.”

“வருவாங்க. இல்லாங்காட்டி நானே முட்டி மேல வெச்சித் தூக்கிக்கறேன்.”

“தூக்கித்தான் இந்தக் கதி.”

கூடைக்காரிக்கு அடுத்தவர் கை ஒன்று கிடைத்தால் போதும். ஒரு காதை அவள் பிடிக்க, மறு காதை இன்னொருவர் பிடிக்க, ஒரு மூச்சில் கூடை சும்மாட்டின் மேல் உட்கார்ந்துவிடும். அப்புறம் அது அவள் கழுத்தின் பாடு. பால்காரர், கொத்தனார், பஸ்ஸுக்கு நிற்கிறவர் என்று தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் வந்து பிடிப்பார்கள். கூடைக்குக் கை கேட்டால் இல்லையென்று சொல்கிற வழக்கம் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டிலும் கிடையாது, ரயிலின் வெண்டர் பெட்டியிலும் கிடையாது. குடுமிப்பிடிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவள்கூட நடுவில் நிறுத்தி, எதிராளியின் கூடைக்குக் கை கொடுத்துவிட்டு, மீதிச் சண்டையை அப்புறம் போடுவாள்.

ஆனால் ஆறு மாதமாக அங்காளம்மாளின் வலது கை கை மாதிரி இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துக் கிடந்தன. பிடித்த கூடையின் காது பிடித்த மாதிரியே இருக்கும், அப்படியே நழுவும். அதனால் தூக்கிவிட இப்போது வேறு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி புஷ்பலதா. இன்னொருத்திக்குத்தான் டீச்சரைக் கேட்டாள்.

கழுத்தில் ஆரம்பித்தது அது. கழுத்தின் வலது பக்கம் ஒரு ஆணி அடித்த மாதிரி. அங்கிருந்து தோள்பட்டைக்குப் பின்னால் இறங்கி, முழங்கை வழியாக விரல் நுனிவரை கரண்டு ஓடும். தும்மினால் ஓடும். மாடி வீட்டுக்காரர்கள் மேலேயிருந்து “இன்னைக்கு என்ன மீனும்மா?” என்று கேட்டால், நிமிர்ந்து பதில் சொல்ல முடியாது. தரையைப் பார்த்தபடி “சங்கரா, வவ்வாலு” என்பாள். மீன்காரிக்கு இப்போதெல்லாம் திமிர் ஏறிவிட்டது என்று இரண்டு வீட்டில் பேசிக்கொண்டார்கள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். தைலம் தேய்த்தாள். வாயு என்றாள், திருஷ்டி என்றாள். ராத்திரியில் படுத்தால் வலி கொல்லும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டு தூங்கினாள். அப்படி வைத்தால்தான் கரண்டு கொஞ்சம் அடங்குகிறதாம். தூக்கத்தில்கூடக் கூடையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

புஷ்பலதா சண்டை போட்டுத்தான் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு லேடி டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். “கழுத்து எலும்புங்களுக்கு நடுவுல ஒரு ஜவ்வு இருக்கும்மா. அது பிதுங்கிப்போய், கைக்குப் போற நரம்பை நசுக்குது.”

“நண்டுக் கொடுக்குல மாட்டிகினா மாரியா டாக்டரம்மா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “அதேதான். நண்டை விடச் சொல்லணும்னா தலையில ஒரு சொம்புகூட வைக்கக் கூடாது. வெச்சா கை சூம்பிடும். அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் போன பலம் வருமான்னு சொல்ல முடியாது.”

கழுத்துக்கு ஒரு பட்டை கொடுத்தார்கள். அங்காளம்மாள் அதை வீட்டில் மட்டும் போட்டுக்கொள்வாள், அதுவும் மகள் பார்க்கும்போது. “இத்த மாட்டிகினு தெருவுல போனா நாய்க்கு லைசென்ஸ் கட்டுனா மாரி கீது. கயுத்து போனவ இன்னா நல்ல மீனு கொண்டாரப் போறான்னு கேப்பாளுங்க.” டாக்டரிடம் போய்வந்த மறுநாள் விடியலில் முதல் ரயிலுக்குக் கிளம்பினாள். உனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், அப்புறம் விட்டுவிடுகிறேன் என்றாள். அன்றிலிருந்து ஞாயிறுகளில் புஷ்பலதாவும் கூடவே போனாள். பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிற லாரி டிரைவர் அப்பா துலுக்காணம், “அவ சொன்னா கேக்க மாட்டா” என்பதோடு முடித்துக்கொண்டார்.

அப்படித்தான் இந்தத் தெருவில், இந்த வெயிலில் இரண்டு பேரும் வந்து நின்றது.

டீச்சர் தட்டை மெதுவாகப் படியில் வைத்தார். உள்ளே போய்விடுவார் என்றுதான் புஷ்பலதா நினைத்தாள். போனால் நாலு வார்த்தை கேட்கலாம் என்று நாக்கில் தயாராகவும் வைத்திருந்தாள். டீச்சர் போகவில்லை. பட்டுப்புடவையின் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தார். குனிந்து கூடையின் ஒரு காதைப் பிடித்தார்.

“சொல்லு, எப்படித் தூக்கணும்?”

“டீச்சர், வேணாம் டீச்சர். பட்டு நாறிப்பூடும்” என்று அங்காளம்மாள் அழுகிற குரலில் சொன்னாள்.

“இருக்கட்டும் அங்காளம்மா. புஷ்பா, ஒன் டூ த்ரீ சொல்லவா?”

தூக்கினார்கள். ஐஸ் தண்ணீர் சாய்ந்து டீச்சரின் முந்தானையில் வழிந்தது. கூடை சும்மாட்டில் உட்கார்ந்ததும் அங்காளம்மாள் கண்ணை இறுக மூடித் திறந்தாள். டீச்சர் கையை உதறவில்லை. புஷ்பலதாவின் பக்கம் திரும்பி, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்காமல் ஒரு பிள்ளையிடம் மட்டும் பேசுகிற குரலில் சொன்னார்.

“நான் கை குடுத்துட்டேன் புஷ்பா. பிப்ரவரி மாசம் எதிர் பஸ் ஸ்டாப்ல உங்கம்மா உன்னைக் கேட்டாங்க. நான் அப்போ மாடியில துணி எடுத்துட்டு இருந்தேன்.”

அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

கூடைக்குக் கீழே அங்காளம்மாளின் முகம் நேராக ரோட்டைப் பார்த்திருந்தது. காது செவிடில்லை. “பொடவைய பச்சத் தண்ணில அலசிடுங்க டீச்சர்” என்று வீட்டைப் பார்த்துக் கத்திவிட்டு நடந்தாள்.

புஷ்பலதாவுக்குக் கோபம் வருவது சுலபம். கோபம் வந்தால் தெம்பு வரும். மாடியில் நின்று பார்த்தவர் அன்றைக்கு இறங்கி வந்திருக்கலாமே என்று டீச்சர்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள். நாலடி நடப்பதற்குள் அந்தக் கோபம் செத்துவிட்டது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்ததற்குத் தெம்பு கிடையாது. காது மடல் சுட்டது. புறங்கழுத்து சுட்டது.

பிப்ரவரி. கடைசி வருஷம். காலேஜ் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கூடப் படிக்கிற ஹெப்சியோடு அந்த ஸ்டாப்பில் நின்றிருந்தாள். ஹெப்சியின் அப்பா பாங்கில் இருந்தார், அம்மா நர்ஸ். உங்க அம்மா என்ன பண்றாங்க என்று முதல் வருஷம் கேட்டதற்கு, “ஃபிஷரீஸ்ல இருக்காங்க” என்று சொல்லி வைத்திருந்தாள். கவர்ன்மெண்ட் வேலையா என்று ஹெப்சி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பாள்.

அங்காளம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். ஆளுக்காகச் சுற்றும்முற்றும் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கூட நிற்கிற பெண்ணையும் பார்த்தாள். பிறகு, முன்பின் தெரியாத யாரையோ கூப்பிடுகிற மாதிரி, “பாப்பா, கூடைக்குக் கொஞ்சம் கை புடிக்கிறியாம்மா?” என்றாள்.

பெயரைச் சொல்லவில்லை. யாரோ ஒரு மீன்காரி யாரோ ஒரு காலேஜ் பெண்ணைக் கேட்கிற மாதிரி கேட்டாள். பெண் வந்து யாரோ ஒருத்தியாகவே கை கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அதற்குத்தான் அத்தனை இடம் விட்டுக் கேட்டது.

ஹெப்சி அதற்குள் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டாள். “பாவம்டி. வா, ஹெல்ப் பண்ணலாம்.”

புஷ்பலதா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “விடுடி, பஸ் வருது.”

பஸ் எதுவும் வரவில்லை. இரண்டு பேரும் வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்காளம்மாள் கூடையை முட்டிக்கு ஏற்றி, முட்டியிலிருந்து வலது தோளுக்கு ஏற்றி, தோளிலிருந்து ஒரு வெட்டு வெட்டித் தலைக்கு ஏற்றினாள். ஏற்றியபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு நேராக்கிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம்தான் முதல் ஒத்தடம்.

இப்போது அடுத்த வீட்டில் சங்கரா கேட்டார்கள். அங்காளம்மாள் கத்தியை எடுத்துச் செதிலைச் சீவினாள். நாலாவது மீனை நறுக்கும்போது தட்டில் சிவப்பு கொஞ்சம் அதிகமாக ஓடியது. மீனின் சிவப்பு இல்லை அது.

“அம்மா, விரல்!”

“எங்க?” என்று அங்காளம்மாள் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் வாய் பிளந்திருந்தது. “அட, தெரியவே இல்ல பாரேன்.” வேறு யாரையோ தேள் கொட்டியதுபோல் சொன்னாள்.

புஷ்பலதா கத்தியைப் பிடுங்கி மீதியை வெட்ட உட்கார்ந்தாள். இருபத்தொரு வயதுவரை அவளை மீன் கத்தியைத் தொடவிட்டதில்லை. படிக்கிற பெண் நகத்தில் கவுச்சி ஏறக் கூடாதாம். சங்கரா அவள் கையில் கோணல்மாணலாகப் போனது.

“அங்காளம்மா, உம் பொண்ணு மீனை நறுக்குதா, போலீஸ் அடி அடிக்குதா?” என்றாள் வீட்டுக்காரி.

“கணக்கு படிச்ச பொண்ணும்மா. பீஸ் கரீட்டா எட்டு வரும், சைஸுதான் முன்னபின்ன கீது.”

வீட்டுக்காரி சிரித்தாள். விரலில் சுற்றிய துணியை முந்தானையில் மறைத்துக்கொண்டு அங்காளம்மாளும் சிரித்தாள். புஷ்பலதா மட்டும் தலை நிமிரவில்லை.

பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவுக்கு ஷேர் ஆட்டோவில் வந்து சேரும்போது மணி இரண்டு. போன வருஷ மழையில் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற கோடு இன்னும் சுவரில் இடுப்பளவுக்கு இருந்தது. விற்காத காரப்பொடி மீனைப் போட்டு, புளி கரைத்துக் குழம்பு வைத்தாள் புஷ்பலதா. அங்காளம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வலது கையால் பிசைந்தால் சோறு விரலிடுக்கில் நிற்காமல் உதிர்ந்தது. இடது கையால் எடுத்து வாயில் போட்டாள். இடது கையால் சாப்பிடுவதை மகள்கூடப் பார்க்கக் கூடாது என்றுதான் அந்தச் சுவர். இரண்டு மாதமாக முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுகிறாள் என்பதை புஷ்பலதா இன்றைக்குத்தான் கணக்குப் போட்டாள்.

“அம்மா.”

“உப்பு கம்மி.”

“அன்னைக்கு ஸ்டாப்ல...”

“இன்னாத்துக்கு இப்ப அது? துன்னுகினு இருக்கேன்.”

“டீச்சர் சொன்னது உனக்குக் கேட்டுச்சு இல்ல?”

“டீச்சருக்குத் தூரப் பார்வை நல்லா கீதுன்னு தெரிஞ்சிகினேன்.” இரண்டு வாய் மென்றாள். “நான் ஒன்னப் பேரு சொல்லியா கூப்ட்டேன்? இல்லையே. யாரோ பாப்பான்னு கூப்ட்டேன். யாரோ பாப்பா வரல. அதுல உம்மேல இன்னா கீது?”

“அப்படிச் சொல்லாதம்மா.”

“நீ அந்தப் பொண்ணாண்ட ஃபிஷரீஸுன்னு சொல்லி வெச்சிகிறதும் தெரியும். பொன்னியக்கா அண்ணன் பொண்ணு ஒங்க காலேஜிதானே. பொய்யில்லையேடி. மீனுதானே.” அங்காளம்மாளின் முதுகு சிரிப்பில் குலுங்கியது. குலுங்கியதில் கரண்டு ஓடியிருக்க வேண்டும். “அம்மாடி” என்று தட்டை வைத்துவிட்டுக் கையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

திட்டியிருந்தால் புஷ்பலதா பதிலுக்குத் திட்டியிருப்பாள். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். இந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வாசலில் பொன்னியம்மாளின் குரல் கேட்டது. நாலு வீடு தள்ளி இருக்கிறவள். அங்காளம்மாளுக்கும் அவளுக்கும் மார்க்கெட்டுக்கு ஒரே ரயில், ஒரே பெட்டி. பெருங்களத்தூர்ப் பக்கம் மூன்று தெருவில் விற்கிறாள். வெற்றிலையை அதக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“இன்னா அங்காளம், குந்திகினே சலாம் போட்னு கீற? நாளிக்கு வண்டிக்கு வருவியா, மாட்டியா? வர்றதா இருந்தா எடம் போட்டு வெக்கறேன்.”

“வராம? வருவேன்.”

“வராது” என்றாள் புஷ்பலதா. “பொன்னியக்கா, கேம்ப் ரோடு தெருவை நீ எடுத்துக்கோ.”

பொன்னியம்மாளின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

ஒருத்தி விற்கிற தெருவில் இன்னொருத்தி கால் வைக்கமாட்டாள். காய்ச்சல் என்று ஒரு மாதம் படுத்தாலும் அந்தத் தெரு அவளுக்காகக் காலியாகத்தான் கிடக்கும். கொடுப்பதென்றால் முறை இருக்கிறது. கொடுக்கிறவளோ அவள் வயிற்றில் பிறந்தவளோ வாங்குகிறவளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், இனிமேல் இவளிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் முடிந்தது. கழுத்து சரியாகிவிட்டது, திருப்பிக் கொடு என்று பிறகு கேட்க முடியாது.

“வாயக் கயுவு” என்றாள் பொன்னியம்மாள். “உசுரோட குந்திகினு கீறா. அவ தெருவ எவ எடுப்பா?”

“உசுரு இருக்குக்கா. கை இல்ல. விரல் அறுந்தது அதுக்குத் தெரியல.”

“அங்காளம், மெய்யாலுமா?”

“சின்ன கீறலுக்கா. இது பேஜார் பண்ணுது.” அங்காளம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “ஏய், இன்னாடி பேசற? பதினோரு வூடுடி. ஒண்ணொண்ணா புட்ச்சது. யாரு எந்த மீனு துன்னுவாங்க, யாரு வூட்ல புள்ளைக்கு முள்ளு ஆவாதுன்னு தூக்கத்துல கேட்டா சொல்லுவேன். அத்த விட்டுட்டு நான் இன்னா பண்றது? ஒம் மூஞ்சியப் பாத்துகினு குந்திகினு இருக்கவா?”

“குந்து. கை நல்லா ஆகட்டும்.”

“வூடு எப்டி நடக்கும்?”

“சானடோரியத்துல எக்ஸ்போர்ட் கம்பெனில பேக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்க. நாளைக்குப் போறேன்.”

“பொட்டி கட்றதுக்கா ஒன்ன டிகிரி படிக்க வெச்சேன்? டீச்சர் வேல வாங்கித் தரேன்னு சொல்லிகிறாங்க...”

“தந்தா அதுக்கும் போறேன். தர வரைக்கும் உன் தலையில கூடை ஏறாது. பொன்னியக்கா, எந்திரி. சாயங்காலத்துக்குள்ள பதினோரு வீடும் சொல்லிட்டு வந்துரலாம்.”

பொன்னியம்மாள் எழவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆத்தாளும் பொண்ணும் பேசிகினு முடிவு பண்ணுங்க. அவ வாயால சொல்லாத தெரு எனுக்கு வாணாம்.”

“நான் சொல்ல மாட்டேன்” என்றாள் அங்காளம்மாள். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பு முழுவதையும் மகள் பக்கம் திருப்பினாள். ஆறு மாதமாக உள்ளே கிடந்தது அப்போது வெளியே வந்தது. “கூடைக்குக் கை குடுக்காதவ, தெருவத் தூக்கிக் குடுக்க மட்டும் வந்துட்டியா?”

ஏரிக்கரைப் பக்கம் யார் வீட்டு டிவியோ ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லிவிட்டு அங்காளம்மாளே திடுக்கிட்டுப்போனாள். கையைத் தூக்கி வாயைப் பொத்தப் பார்த்தாள். வலது கை பாதிதான் எழுந்தது. பொன்னியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு, “இன்னாடி சொல்ற? யாரு, எப்ப?” என்று முணுமுணுத்தாள். அவளுக்கு அது தெரியாத கதை. கை கொடுக்காதவள் என்ற சொல் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். கூடைக்காரிகளில் யாரையும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

புஷ்பலதாவுக்கு அழுகை வரும் என்று தோன்றியது. வரவில்லை. மாறாக, ஆறு மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் விட்ட மாதிரி இருந்தது. ஒருவழியாக அம்மா சொல்லிவிட்டாள்.

“ஆமாம்மா” என்றாள். “நான்தான் குடுக்கல.”

பிறகு பொன்னியம்மாளிடம் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “அம்மா என்னைத்தான் கேட்டாங்கக்கா. நான்தான் ஃப்ரெண்டு முன்னாடி அசிங்கம்னு நின்னுட்டேன். தனியா தூக்கித்தான் கழுத்து போச்சு.”

பொன்னியம்மாள் வெற்றிலையைத் துப்பக்கூட மறந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை முழுசாக வாங்கிக்கொண்டு புஷ்பலதா நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை.

“இன்னாத்துக்குடி அத்த வெளிய சொல்ற?” என்றாள் அங்காளம்மாள். “எனக்கு வலிச்சா நான் பட்டுகினு போறேன். நீ எதுக்கு மானத்த வாங்கிக்கற? புஷ்பா, குந்துடி. சோறு துன்னல நீ.”

தட்டில் குழம்பு ஆறிக் கிடந்தது. புஷ்பலதா ஆணியிலிருந்த கழுத்துப்பட்டையை எடுத்து வந்து அம்மாவின் கழுத்தைச் சுற்றி ஒட்டினாள். அங்காளம்மாள் தடுக்கவில்லை. தடுக்கிற கைக்குத் தெம்பும் இல்லை.

புஷ்பலதா வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். வெயில் அப்படியேதான் இருந்தது. பெருங்களத்தூர் போய் பஸ் பிடித்தால் நாலு மணிக்குள் கேம்ப் ரோடு. முதலில் டீச்சர் வீடு. அதிலிருந்து வரிசையாகப் பத்து. உள்ளே அம்மா, “பொன்னியக்கா, போவுது பாரு, புடிக்கா அத்த” என்று சொல்வது கேட்டது. பொன்னியம்மாள் வருகிறாளா என்று புஷ்பலதா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வந்தாலும் வராவிட்டாலும் பதினோரு வாசலிலும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அங்காளம்மாள் இனிமேல் கூடை தூக்கமாட்டாள். ஏன் என்று எவராவது கேட்டால் அதையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாகிவிட்டது.

தெருமுனை திரும்பி நடந்தாள்.